கனக்கும் காலிப் பெட்டி

ஒரு கம்ப்யூட்டரைக் கொல்வதற்கு ஒரு விரல் போதும். நான் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பயன்படுத்தினேன்.

பட்டனை அழுத்தினேன். விசிறிகள் மூச்சை இழுத்தன. கண்ணாடிப் பக்கத்துக்குள் நீல விளக்கு எரிந்தது. "எப்படி?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்பதற்காக வாயைத் திறந்தேன். நான் கேட்பதற்குள் உள்ளே எதுவோ 'பட்' என்றது. விளக்கு போயிற்று. கீழ் மூலையிலிருந்து ஒல்லியாக ஒரு புகை கிளம்பி, எந்த அவசரமும் இல்லாமல் மிதந்து, அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவின் மூக்கைத் தேடிப் போனது.

அப்பா செய்தித்தாளை இறக்கினார்.

"துப்பறியும் புலி எதையோ கண்டுபிடிச்சிருச்சு போல," என்றார்.

நான் ஒரு துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். மொத்தம் இரண்டே பேர் உள்ள நிலையம். இன்னொருவர் என் மேடம். அப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு வேலையே இல்லை. வேலை கிடைக்கிற வரைக்கும் ஒதுங்கி நிற்கிற நிழற்குடை.

தங்கையின் வேலை வேறு மாதிரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ வாங்கிய வாஷிங் மெஷினுக்காக யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, "மன்னிக்கணும் சார்" என்று நாள் முழுக்கச் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் விளையாடுவாள். இரண்டாவது ஹெட்போனில் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாக விளையாடுவாள். இன்று சாயங்காலம் ஒரு அணிக்கான தேர்வு ஆட்டம். அதில் ஒரே ஓர் இடம் காலி. கிடைத்தால் சம்பளம் உண்டு, முதல் ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிடலாம்.

அதற்காகப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தாள். மெஷினுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழைய பவர் சப்ளைக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை. ஆட்டம் சூடு பிடிக்கும்போதெல்லாம் மெஷின் மயங்கி விழுந்தது. புது பவர் சப்ளை வாங்கி மாட்ட வேண்டும், அவளுக்கோ இன்றைக்கு முன்னால் லீவு இல்லை.

"நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்கு எங்கள் வீட்டில் இதற்கு முன் ஒரு மிக்ஸியும் ஒரு தண்ணீர் மோட்டாரும் பலியாகியிருக்கின்றன.

வாங்கினேன். மாட்டினேன். தடித்த கேபிள்கள் எல்லாம் கறுப்பாக இருந்தன. டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய கேபிளையாவது அழகாகப் போடலாமே என்று, பழைய சப்ளையிலிருந்து கழற்றிய வெள்ளைக் கேபிளை அங்கே செருகினேன். கண்ணாடி வழியாக, அவளுடைய வெள்ளைக் கீபோர்டுக்குப் பொருத்தமாக, ரொம்பக் கச்சிதமாகத் தெரிந்தது. அந்த ரசனைக்காக என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் விரல்.

தங்கை மெஷினின் கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றினாள். குனிந்தாள். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி விடுண்ணா. டிஸ்க் போயிடுச்சு."

"கோபமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசினார். "அவன்கிட்ட கொடுக்காதேன்னு அன்னிக்கே சொன்னேன்."

என் காது மடல் சூடானது. இப்படிப்பட்ட நேரங்களில் என் மூளை ஒரே ஒரு காரியம்தான் செய்யும். இன்னொருவனைத் தேடும்.

"நான் என்னப்பா பண்ணினேன்? போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன். விடறதா இல்ல."

"அண்ணா, கடைக்கெல்லாம் போக வேண்டாம்," என்றாள் தங்கை. "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன். நியாயம் கேட்கப் போகிறவன் காதில் எதுவும் விழாது.

*

"யார் மேல சந்தேகம்?" என்றார் மேடம்.

"கடைக்காரர் மேல."

"ஏன்?"

"நான் இல்லைன்னா வேற யார் இருக்கா மேடம்?"

மேடம் முன்பு ஒரு பார்சல் ஆபீசில், காணாமல் போகும் மூட்டைகளைத் தேடித் தரும் பிரிவில் இருந்தவர். எதைக் கொடுத்தாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். ஒரு தடவை என் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல சண்டையா?" என்றார். அன்று நானே சமைத்து எடுத்து வந்திருந்தேன்.

இப்போது மேசையில் இரண்டு தடயங்கள். ஒன்று, பவர் சப்ளை. கைரேகை அழிந்துவிடக் கூடாது என்று குளியல் துண்டில் சுற்றியிருந்தேன். அதில் இருந்த ரேகையெல்லாம் என்னுடையவைதான் என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு தோன்றியது. இன்னொன்று, அது வந்த அட்டைப் பெட்டி.

மேடம் துண்டைப் பிரித்து சப்ளையைத் தூக்கினார். மணிக்கட்டை இரண்டு முறை அசைத்தார்.

"போலின்னா உள்ள காப்பரும் இரும்பும் குறைச்சிருப்பான், இலேசா இருக்கும். இது நல்ல கனம்."

"நல்ல போலியா இருக்கும்."

"ம்." பெட்டியைத் தூக்கினார். "இதுல என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். காலிப் பெட்டி. சீரியல் நம்பருக்காக எடுத்துட்டு வந்தேன்."

மேடம் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றினார். அந்தக் கையிலும் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டினார்.

"கிளம்பு. வழியில சொல்லு, எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு."

பஸ்ஸில் சொன்னேன். கடைக்காரர் என்னை உட்காரவைத்து, என்ன கார்டு, என்ன பிராசசர், எத்தனை டிஸ்க் என்று வரிசையாகக் கேட்டார். கால்குலேட்டரில் கூட்டினார். "எல்லாம் முழு மூச்சா ஓடினாலும் நானூத்திச் சொச்சம் வாட்ஸ்தான் சார் வரும். கொஞ்சம் தாராளமா, அறுநூத்தி அம்பது போதும்," என்று ஒன்றை எடுத்து வைத்தார். பழுப்பு அட்டையில், படம்கூட இல்லாமல், தபாலில் வந்த செங்கல் மாதிரி இருந்தது. "கேபிள் எல்லாம் கழற்ற முடியாம சப்ளையோடயே சேர்ந்து வர்ற மாடல். வீட்ல மாட்டறவங்களுக்கு இதுதான் நிம்மதி," என்றார்.

"அதுக்கு நீ?"

"மேல் தட்டைக் காட்டினேன். ஆயிரம் வாட்ஸ். பெட்டி மேல மின்னல் போட்டிருந்தது. எல்லாக் கேபிளும் கழற்றி மாட்டற மாதிரி."

"கேபிளைக் கழற்றி மாட்டி என்ன பண்ணப்போற?"

"தெரியல. ஆனா கழற்றலாம் இல்லையா."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பதை நான் பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணம்.

"ஆயிரம்னு போட்டிருந்தா ஆயிரமும் மெஷினுக்குள்ள இறங்கிடும்னு நினைச்சியா?"

"இறங்காதா?"

"பெரிய டம்ளர்ல ஊத்தி வச்சா தாகம் கூடுமா தம்பி? மெஷின் தனக்கு வேணுங்கறதைத்தான் எடுக்கும். பெரிசா வாங்கினதால அது சாகல."

"அப்ப போலிதான்."

"பெட்டியை நேரா பிடி," என்றார் மேடம். "உள்ள உருளுது."

பெட்டியை நேராகப் பிடித்தேன். காலிப் பெட்டிக்குள் உருளுவது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நான் சம்பளம் வாங்குவது துப்பறிவதற்கு. இதை எழுதும்போதே கூசுகிறது.

*

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கூட்டம் இருந்தால் நியாயத்துக்குப் பலம் அதிகம் என்று அப்போது நினைத்தேன். கதவைத் தள்ளும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன சார், போலிச் சரக்கை விக்கறீங்க? வீட்டுக்குள்ள புகை வந்து, வயசான மனுஷன் மூச்சு முட்டிப்போனாரு. சாயங்காலம் ஒரு பொண்ணோட வாழ்க்கையே இதுலதான் இருக்கு. ஆளைப் பார்த்து ஏமாத்தறீங்களா?"

கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கீபோர்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொருவர் வாங்கிய பொருளைப் பையிலிருந்து வெளியே எடுத்து மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "உட்காருங்க தம்பி," என்று ஸ்டூலை நகர்த்தினார். அன்று என்னை "சார்" என்று கூப்பிட்டவர். இன்று தம்பி. பயந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

துண்டிலிருந்து சப்ளையை எடுத்து, உள்ளங்கை அளவு ஒரு சின்னக் கருவியில் மாட்டினார். அதன் திரையில் எண்கள் பச்சையாக வந்து நின்றன. மேடத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பன்னிரண்டு வோல்ட், அஞ்சு, மூணு புள்ளி மூணு. எல்லாம் ஒழுங்கா வருதும்மா. இதுக்கு ஒண்ணும் ஆகல."

"கருவியும் இவரோடதுதானே," என்றேன், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கடையின் கம்ப்யூட்டர். அதோடு ஒரு புது டிஸ்க் மாட்டியிருந்தது. சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரையில் தங்கை விளையாடும் அதே ஆட்டத்தின் பெயர். பாதிக்கு மேல் காப்பி ஆகியிருந்தது.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேடத்தின் காதருகே போனேன்.

"மேடம். மாட்டிக்கிட்டாரு."

"யாரு?"

"அங்க பாருங்க. அதே விளையாட்டு, புது டிஸ்க்குல. நான் உள்ள வந்ததுலேர்ந்து டிஸ்க் செத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சப்ளை, புகை, அவ்வளவுதான் சொன்னேன். எது செத்திருக்கும்னு இவருக்கு எப்படி முன்னாடியே தெரியும்? இது டிஸ்க்கைக் கொல்லும்னு தெரிஞ்சேதான் வித்திருக்காரு."

மேடம் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நல்ல கேள்வி தம்பி. நீ என்கிட்ட வந்து சேர்ந்ததுலேர்ந்து கேட்ட முதல் நல்ல கேள்வி. நிஜமாத்தான் சொல்றேன்." அக்குளில் நான் இடுக்கியிருந்த பெட்டியைத் தட்டினார். "பதிலைத்தான் தப்பா போட்டுட்ட. இதைத் தலைகீழா கவுத்து."

"காலிப் பெட்டி மேடம்."

"காலிப் பெட்டி ஏன் கனக்குது?"

கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. கம்பீரமாக நிமிர்ந்தேன். மேடம் உள்ளே கைவிட்டு, பெட்டியின் அடித்தட்டு என்று நான் நினைத்திருந்த அட்டையை ஒரு விரலால் நெம்பினார். அட்டை எழுந்து வந்தது. அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பை. வாயில் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியவில்லை.

மேடம் கிழித்தார். கறுப்பாக, தட்டையாக, அழகே இல்லாத ஒரு கேபிள் மேசையில் விழுந்தது.

"இது எதுக்கு?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"டிஸ்க்குக்கும்மா."

"டிஸ்க்குக்குப் போற கேபிள் பிரிக்காத பைக்குள்ள தூங்குது." மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்போ வீட்ல டிஸ்க்குக்கு எதைப் போட்ட?"

கடையின் விசிறிச் சத்தம் திடீரென்று அதிகமானது. அல்லது மற்ற எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

"வெள்ளை," என்றேன்.

"எந்த வெள்ளை?"

"பழைய சப்ளையோடது. கண்ணாடி வழியா பார்த்தா அழகா இருக்கும்னு."

கடைக்காரர் இரண்டு விரல்களால் நெற்றியைத் தேய்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"வாய் எல்லாம் ஒரே அளவுதான் இருக்கும் தம்பி. எந்தக் கேபிளும் எதுலயும் உள்ள போகும். ஆனா உள்ள கம்பி வர்ற வரிசை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னிரண்டு போயிருக்கும். டிஸ்க் அதைத் தாங்காது. பழைய கேபிளை யாரும் புதுசுல மாட்டிடக் கூடாதுன்னுதான் அன்னிக்கு கேபிள் சேர்ந்தே வர்றதை எடுத்து வச்சேன்."

"மெஷின்ல அஞ்சாறு பொருள் இருக்கு," என்றார் மேடம். "கறுப்புக் கேபிள் போனதெல்லாம் உயிரோட இருக்கு. வெள்ளை போனது ஒண்ணு மட்டும் செத்துச்சு. கேஸ் அவ்வளவுதான்."

கீபோர்டுக்காரர் மெதுவாகத் தன் கீபோர்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்து எப்படியாவது வெளியே வந்திருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான். அன்று அதை யாரும் திறக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே," என்றேன். "இத்தனை பேர் முன்னால கத்திட்டேன்."

"பரவாயில்ல."

"கோபமா இருக்கீங்களா?"

"அதெல்லாம் விடுங்க தம்பி." அவர் கண் காப்பி ஆகிக்கொண்டிருந்த டிஸ்க்கின் மேல் இருந்தது.

மேடத்திடம் திரும்பினேன். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பெட்டியைத் தூக்கினப்பவே பாதி. மீதியை உள்ள வந்து, உன்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நீ கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறந்துட்ட."

"உங்களுக்காவது பெட்டி இருந்துச்சு. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

என் நல்ல கேள்வி இன்னும் அங்கேயே கிடந்தது. மேடம் அதைக் கடைக்காரருக்குத் தள்ளினார். "சொல்லுங்க. யார் போன் பண்ணினது?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"இவரோட தங்கச்சிதாம்மா. நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் அது எனக்காகவே காத்திருந்தது போலிருந்தது.

"கண்ணாடியைத் திறந்ததும் வெள்ளைக் கேபிளைப் பார்த்துட்டாங்களாம். அப்பா முன்னால சொல்ல மனசு வரலன்னாங்க. 'எங்க அண்ணன் அங்கதான் வந்துட்டிருக்கான். வந்து சத்தம் போடுவான். அவனுக்கு விஷயம் தெரியாது. திட்டிடாதீங்க, நான் வீட்ல பொறுமையா சொல்லிக்கறேன். ஒரு டிஸ்க்குல விளையாட்டை மட்டும் ஏத்திக் கொடுத்தனுப்புங்க, சாயங்காலம் மேட்ச் இருக்கு'ன்னாங்க."

அவள் நாள் முழுக்க யார் யாருக்காகவோ மன்னிப்புக் கேட்கிறவள். எனக்காகவும் ஒன்று கேட்டுவிட்டாள், நான் கத்துவதற்கு முன்பே.

"விளையாட்டை மட்டும்னா?" என்றார் மேடம். "அந்த டிஸ்க்குல வேற என்ன இருந்துச்சு?"

"அவங்க விளையாடினதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாங்களாம். போன்ல முதல்ல கேட்டதே அதைத்தான். மீட்க முடியுமான்னு. எரிஞ்ச டிஸ்க்குலேர்ந்து எடுக்க முடியாதும்மான்னேன்." கடைக்காரர் கருவியின் வயரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் இவரைப் பத்திச் சொன்னாங்க."

காப்பி முடிந்தது. அவர் டிஸ்க்கைக் கழற்றி, அந்தக் கறுப்புக் கேபிளோடு சேர்த்து என் கையில் வைத்தார். நல்ல இலேசான டிஸ்க். ஆனாலும் மேடத்தைப் போல எனக்கும் கையில் கனம் தெரிந்தது.

*

மேடம் என்னோடு வீட்டு வாசல் வரைதான் வந்தார். "உள்ளே நீயே போ," என்றார். "இந்த ரிப்போர்ட்டை நான் கொடுக்கக் கூடாது."

அப்பா அதே நாற்காலியில், அதே செய்தித்தாளோடு இருந்தார்.

"என்ன புலி, ஆளைப் பிடிச்சாச்சா?"

வழி நெடுக ஐந்தாறு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரு ஜோக் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பிடிச்சாச்சுப்பா. நான்தான். மாட்டக் கூடாத கேபிளை மாட்டிட்டேன். கடைக்காரர் மேல தப்பே இல்ல."

செய்தித்தாள் கொஞ்சம் இறங்கியது. அப்பா என்னவோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் எழுந்து, சமையலறையிலிருந்து டார்ச்சை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் காட்டு, போ."

தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திருகாணிகள் ஒரு மூடியில் பத்திரமாக இருந்தன. நான் டார்ச்சைப் பிடித்தேன். அவள் சப்ளையை உள்ளே தள்ளினாள், கறுப்புக் கேபிளைச் செருகினாள், டிஸ்க்கை மாட்டினாள். வெள்ளைக் கேபிள் சுருண்டு குப்பைக் கூடையில் கிடந்தது. என் விரல் பட்டன் பக்கம் போனதைப் பார்த்து அவள் புருவம் உயர்ந்தது. விரலை மடக்கிக்கொண்டேன்.

அவளே அழுத்தினாள்.

விசிறிகள் மூச்சு இழுத்தன. நீல விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. திரையில் ஆட்டத்தின் படம் வந்து நின்றது. ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி.

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நான் தரையிலேயே இருந்தேன்.

"எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"ம்."

"கடைக்காரர் சொன்னாரு. ரெக்கார்டிங் விஷயமும்."

அவள் மவுஸை நேராக வைத்தாள். நேராகத்தான் இருந்தது.

"கோபமா?" என்றேன். அன்றைக்கு எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாத. காலைலேர்ந்து எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. தாங்க முடியல."

தங்கை ஹெட்போனைக் கையில் எடுத்தாள். மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்ணா. கோபம்தான். ரொம்பக் கோபம். நான் முதல் தடவை ஜெயிச்சது அந்த டிஸ்க்குல இருந்துச்சு. அதுல என் ஆட்டம் ஒண்ணும் பெரிசில்ல. பின்னாடி நின்னுகிட்டு நீ கத்தறது கேக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டறது வரைக்கும் இருக்கும். ஆபீஸ்ல யாராவது ரொம்பத் திட்டின அன்னிக்கு வந்து அதைத்தான் போட்டுக் கேப்பேன். அது போயிடுச்சு. நாளைக்கும் கோபம் இருக்கும், நாளான்னிக்கும் இருக்கும். எப்பப் போகும்னு எனக்கே தெரியாது." ஹெட்போனை மாட்டி, என் பக்கத்துக் காதை மட்டும் மூடாமல் விட்டாள். "இப்ப ரெக்கார்டிங் போட்டிருக்கேன். அங்கேயே உட்காரு. ஜெயிச்சா கத்து. அதுவரைக்கும் எதையும் தொடாத."